தலைச்சன் பிள்ளையும் பத்து நிமிட வீடியோவும்

கர்ப்பமாக இருக்கும் பெண் யாரைப் பார்த்தாலும் "எத்தனாவது மாசம்?" என்று கேட்ட கையோடு "பால் கொடுக்கிற வீடியோ பார்த்துட்டீங்களா?" என்றும் கேட்டுவிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்டிருக்கிறேன். கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் மகப்பேறு விடுப்புக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் என்னிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு பட்டியல் போய்விடும். என் மகளின் முதல் வருஷம் இத்தனை நிம்மதியாகக் கழிந்ததற்குப் பாதிக் காரணம் என் அம்மா. மீதிப் பாதி, முகம் தெரியாத யாரோ சிலர் பொறுமையாகப் படம் எடுத்து, குரல் கொடுத்து, ஒரு பைசா வாங்காமல் ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்ட வீடியோக்கள். அந்த நன்றியை வாய்விட்டுச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பிள்ளை வளர்ப்பில் காதால் கேட்டுத் தெரிந்துகொள்வது கொஞ்சம். கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும் என்பது ரொம்ப அதிகம். "வாயை நல்லா திறக்கட்டும், அப்புறம் குடு" என்பார்கள். நல்லா என்றால் எவ்வளவு? "மூச்சு வாங்கினா உடனே தூக்கிட்டு வந்துருங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவார்கள். பச்சைப் பிள்ளைக்கு மூச்சு வாங்குவது பார்க்க எப்படி இருக்கும்? எங்கள் ஆச்சி காலத்தில் ஒரே வீட்டில் சித்தி, பெரியம்மா, மதினி என்று யாராவது ஒருத்தர் மடியில் எப்போதும் ஒரு கைப்பிள்ளை இருக்கும். கல்யாணம் ஆவதற்குள்ளேயே அந்தக் காலத்துப் பெண்கள் அத்தனையையும் பார்த்து முடித்திருப்பார்கள். அண்ணன் ஒருவனோடு வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன என்னைப் போன்றவர்கள் அதையெல்லாம் எங்கே பார்த்தோம்? அந்தப் பார்வையைத் திருப்பிக் கொடுத்தது இந்த வீடியோக்கள்தான்.

பட்டியலில் முதலில் நிற்பது ஐ.ஐ.டி. பம்பாய். சிரிக்காதீர்கள், உண்மைதான். அங்கே ஸ்போகன் டுடோரியல் என்று ஒரு திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கியது. லினக்ஸ், சைலேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிப் பிள்ளைகள் ஆசிரியர் துணையில்லாமல் கற்றுக்கொள்ள, சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பாடம் என்று வீடியோ போட்டார்கள். ஒரு அடி சொல்வது, நிறுத்துவது, நீங்கள் செய்து பார்ப்பது, பிறகு அடுத்த அடி. அதே முறையில் பிள்ளை பெற்றவர்களுக்கும் சொல்லித் தரலாமே என்று குழந்தை மருத்துவர் ரூபல் தலால் போன்றவர்கள் சேர்ந்து ஆரோக்கியம், ஊட்டச்சத்து என்று தனிப் பகுதியே உண்டாக்கிவிட்டார்கள். கணினிப் பாடம் எடுத்த அதே நிதானத்தோடு பாலூட்டலைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தமிழிலும் இருக்கிறது. கைப்பேசியில் தமிழ்க் குரல் ஒலிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அம்மாவுக்கும் அத்தைக்கும் தனியாக விளக்க வேண்டிய தேவையே இல்லை.

இதை எனக்கு அனுப்பியவள் பெரியம்மா மகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறாள். பிரசவம் முடிந்து சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்த புதிது. காம்பு வெடித்துப் புண்ணாகி, பிள்ளை வாய் வைக்கும் ஒவ்வொரு முறையும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "தலைச்சன் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும்ளா, போகப் போகச் சரியாயிரும்" என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். அக்கா மட்டும் போனில், "வலிக்கவே கூடாதுடி. வலிச்சா பிள்ளை சரியாக் கவ்வலைன்னு அர்த்தம். நான் வாயால சொல்றதைவிட இதைப் பாரு, பாத்துட்டுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு லிங்க்கை அனுப்பினாள்.

தண்ணீர்ச் செம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்தோம். அந்த வீடியோ ஆரம்பிக்கிற இடமே எனக்குப் பிடித்துப் போயிற்று. முதலில் அம்மா கை கழுவ வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், முதுகு நிமிர்ந்து தோள் தளர்ந்து உட்கார வேண்டும். பிள்ளையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தாயின் முதுகைப் பற்றி அக்கறைப்படுகிறார்கள்! பிறகு பிள்ளையின் வயிறு நம் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும். தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில். எந்த மார்பில் கொடுக்கிறோமோ அதற்கு எதிர்க் கையால் பிள்ளையைத் தாங்குகிறோம். அந்தக் கையின் விரல்கள் எங்கே இருக்க வேண்டும் என்று அருகில் காட்டுகிறார்கள்: காதுகளுக்குப் பின்னால், தலையின் அடிப்பாகத்தில். பின்மண்டையை அழுத்தித் தள்ளக் கூடாது. பிள்ளையின் மூக்குக்கு நேராகக் காம்பு. தாடை லேசாக நிமிர்ந்திருக்க வேண்டும்.

அடுத்து வருவதுதான் என் மனத்தைக் கொள்ளை கொண்டது. மார்பை எப்படிப் பிடிப்பது என்று விளக்க, வடாபாவைக் காட்டுகிறார்கள். மும்பைக்காரர்கள் சாப்பிடும் வடாபாவ். அதைக் கடிக்கும்போது உதட்டுக்கு இணையாகப் படுக்கை வாக்கில் பிடித்து, லேசாக அமுக்கி, பெரிய வாயாகக் கடிக்கிறோம். நட்டுக்குத்தலாகப் பிடித்தால் வாய்க்குள் போகாது. ஒருக்களித்துப் படுத்திருக்கிற பிள்ளையின் உதடுகள் எந்த வாக்கில் இருக்கின்றனவோ, மார்பையும் அதே வாக்கில் ஆங்கில 'யூ' எழுத்துப் போல விரலும் கட்டைவிரலும் இருபுறம் வரப் பிடிக்க வேண்டும். வெறும் சொல்லாகக் கேட்டால் இது தலைசுற்றும். படத்தில் அரை நிமிடம் பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. காம்பால் பிள்ளையின் உதட்டை லேசாகத் தடவிக்கொண்டே காத்திருக்க வேண்டும். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் விரியும் அந்தக் கணத்தில், தாடை முதலில் மார்பில் படும்படி பிள்ளையைச் சட்டென்று நம் பக்கம் கொண்டுவர வேண்டும். பிள்ளைதான் மார்புக்கு வர வேண்டும். நாம் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகக் கூடாது. காம்பை மட்டும் சப்பினால் நமக்கு வலி, அதற்குப் பட்டினி. கருவட்டத்தின் கீழ்ப்பாதி நன்றாக உள்ளே போயிருக்க வேண்டும், மேல்பாதியில் கொஞ்சம் வெளியே தெரியலாம், கீழுதடு வெளிப்பக்கமாக மலர்ந்திருக்க வேண்டும்.

செய்தேன். வலி இல்லை. இழுக்கிறது தெரிகிறது, வலி இல்லை! அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. புண் ஆறக் கொஞ்ச நாள் பிடித்தது. ஆனால் பால் கொடுக்கிற நேரம் வருகிறதே என்று பயப்படுவது அன்றோடு போயிற்று.

டொரண்டோவில் ஜாக் நியூமன் என்று ஒரு குழந்தை மருத்துவர். கனடாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே பாலூட்டலுக்கென்று முதல் கிளினிக்கை 1984-ல் தொடங்கியவர். அவருடைய சின்னச் சின்னப் படத்துண்டுகளையும் அக்காதான் அனுப்பினாள். பிள்ளை சும்மா சப்புகிறதா, உண்மையிலேயே பால் குடிக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி? அதுதான் பாடம். தாடையைப் பாருங்கள் என்கிறார். வாய் அகலத் திறக்கும், தாடை கீழே போய் ஒரு நொடி நிற்கும், பிறகு மூடும். அந்த நிற்றல்தான் வாய் நிறையப் பால் போகிற நேரம். நிற்பது எவ்வளவு நீளமோ அவ்வளவு பால். நிற்காமல் கடகடவென்று தாடை ஆடினால் பிள்ளை அப்போது சப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

இதைப் பார்த்த பிறகு எங்கள் வீடே மாறிவிட்டது. அதுவரை பிள்ளை அழுதால் "பால் பத்தலையோ?" என்பதுதான் வருகிறவர் போகிறவர் கேள்வி. பால் பவுடர் டப்பா வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பெரியம்மா போனிலேயே உத்தரவு போட்டிருந்தாள். அன்று சாயங்காலம் அம்மா என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, பேத்தியின் தாடையையே உற்றுப் பார்த்தாள். "இந்தா நின்னுச்சு பாரு... இந்தா, இந்தா நின்னுச்சு... அடி என் ராசாத்தி, எம்புட்டுப் பால் குடிக்கா!" என்று ஒவ்வொரு மிடறுக்கும் நேர்முக வர்ணனை. மூன்று பிள்ளைக்குப் பால் கொடுத்த என் அம்மா சொன்னாள்: "இதை அன்னைக்கு யாராவது எனக்குக் காட்டியிருந்தா, உன் தங்கச்சி சின்னதுல போய்ச் சேர்ந்த சமயத்துல நான் என்னைய நொந்துக்கிட்டே கிடந்திருக்க மாட்டேன்." பிறந்த சில வாரத்திலேயே தவறிய அந்தத் தங்கையைப் பற்றி அம்மா அப்படி உடைத்துப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. பால் போதவில்லையோ என்கிற கேள்வி ஒரு தாயை எத்தனை வருஷம் அரிக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பால் போதுமா என்பதைத் தாடையில் பார்க்கலாம், நனைகிற துணிகளை எண்ணிப் பார்க்கலாம் (முதல் வாரம் கடந்த பிள்ளை நாளைக்கு 6 தடவையாவது சிறுநீர் போக வேண்டும்), எடை போட்டுப் பார்க்கலாம். அழுகையை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது குளோபல் ஹெல்த் மீடியா புராஜெக்ட். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருக்கிற லாப நோக்கில்லாத அமைப்பு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் வேலை பார்த்த டெப் வான் டைக் என்கிற செவிலியர் தொடங்கியது. வசதி குறைந்த நாடுகளில் வேலை செய்கிற செவிலியர்களுக்கும் தாய்மார்களுக்கும் காட்டுவதற்காகவே எடுத்த படங்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், இலவசம். நடிகைகள் கிடையாது, பளபளக்கிற அறைகள் கிடையாது. சாதாரண வார்டு, சாதாரணக் கட்டில், வியர்த்த முகத்தோடு ஒரு நிஜத் தாய், பக்கத்தில் ஒரு நிஜ நர்ஸ். நம்மூர் அரசு ஆஸ்பத்திரி வார்டுக்குள் நிற்கிற மாதிரியே இருக்கும். பேச்சு புரியாதவர்களுக்கும் பாதிக்கு மேல் படமே சொல்லிவிடும். கையால் பாலைப் பீய்ச்சிக் கரண்டியில் எடுப்பது எப்படி, முதல் நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாக மஞ்சளாக வருவது எப்படி இருக்கும், குறைமாதக் குழந்தையை நெஞ்சோடு தோல் படக் கட்டிக்கொள்ளும் கங்காரு முறை எப்படி. கங்காரு முறையின் கதையே தனி: 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் போகோடா நகரத்து ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர் பற்றாக்குறையைச் சமாளிக்க எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கி வைத்தது, இன்று உலகமே பின்பற்றுகிறது.

அந்த அமைப்பின் படங்களில் நான் எல்லோரையும் வற்புறுத்திப் பார்க்கச் சொல்வது அபாய அறிகுறிகள் பற்றியதைத்தான். இங்கேதான் வீடியோவின் அருமை முழுசாகத் தெரியும். "நெஞ்சு உள்வாங்குதல்" என்று எந்தக் கையேட்டிலும் அச்சடித்திருக்கும். பிள்ளை மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டின் அடிப்பாகம், விலா எலும்புக்குக் கீழே, பள்ளமாக உள்ளே போகிறதைப் படத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டால் பிறகு எங்கே கண்டாலும் கண்ணில் படும். பிறந்த குழந்தை நிமிடத்துக்கு 60 தடவையோ அதற்கு மேலோ மூச்சு விட்டால் அது வேகமான மூச்சு. பச்சைப் பிள்ளைகள் விட்டுவிட்டு மூச்சு விடுவார்கள், அதனால் 10 நொடி எண்ணி ஆறால் பெருக்குவது உதவாது. முழு ஒரு நிமிடம், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். பால் குடிக்காமல் போவது, வலிப்பு, தொட்டால் மட்டும் அசைவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுவது: இதில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். என் மகளுக்குச் சளி பிடித்த ஒரு ராத்திரி, விளக்கைப் போட்டு, சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணினேன். அறுபதைத் தொடவில்லை. நெஞ்சு உள்வாங்கவில்லை. பால் குடித்தாள். காலையில் டாக்டரிடம் போகலாம் என்று நிதானமாக முடிவெடுக்க முடிந்தது. அந்த நிதானத்தைக் கொடுத்த வீடியோவுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

அழுகைக்கு வருகிறேன். இது என் வீட்டுக்காரருக்கானது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வார விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவரைத்தான் அந்த மாலை நேர அழுகை பதறடித்தது. ரொனால்டு பார் என்கிற கனடா நாட்டுக் குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் அழுகையையே வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்திருந்தவர். அவரும் அமெரிக்காவில் குழந்தைகளை உலுக்குவதால் வரும் மூளைக்காயத்தைத் தடுக்க வேலை செய்கிற ஒரு மையமும் சேர்ந்து, 'பர்ப்பிள் அழுகைக் காலம்' என்று பெயர் வைத்து, புதிதாகப் பெற்றோர் ஆனவர்களுக்காக ஒரு குறும்படமும் சிறு கையேடும் தயாரித்தார்கள். அது சொல்வது இதுதான். பிறந்து இரண்டு வாரம் ஆனதும் அழுகை கூடத் தொடங்கும். இரண்டாவது மாதத்தில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்லக் குறைந்து மூன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் அடங்கும். காரணம் தெரியாமல் வரும், தெரியாமலே போகும். என்ன செய்தாலும் நிற்காது. வலிக்காவிட்டாலும் வலிக்கிற முகமாக இருக்கும். மணிக்கணக்கில் நீளும். சாயங்காலமும் முன்னிரவும்தான் அதற்கு நேரம். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளும் இப்படி அழும்.

அவர் இதைப் பார்த்து முடித்ததும் "அப்ப இது நம்ம தப்பு இல்லையா?" என்று கேட்டார். அந்த முகத்தை இன்றைக்கும் மறக்க முடியாது. அந்தப் படத்தில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதை ஒவ்வொரு அப்பனுக்கும் சொல்லித் தர வேண்டும். தாங்க முடியாத அளவுக்கு எரிச்சல் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போய்ச் சில நிமிடம் மூச்சு விட்டுவிட்டு வாருங்கள். என்ன ஆனாலும் உலுக்காதீர்கள். வான்கூவரிலும் சியாட்டிலிலும் இந்தப் படத்தைப் பெற்றோருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் 2009-ல் வெளியாயின. பார்த்த தாய்மார்கள் அழுகையைக் கூடுதலாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அம்மா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள், இவர் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார், நான் கொஞ்சம் தூங்கினேன். மூன்றாவது மாதம் கழிந்து சொன்னபடியே அழுகை அடங்கிற்று.

அம்மா-மகள், மாமியார்-மருமகள் நடுவே வருகிற சின்னச் சின்னப் பிடிவாதங்களை இந்த வீடியோக்கள் எவ்வளவு அழகாகத் தீர்த்து வைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். தொப்புளில் எண்ணெயும் மஞ்சளும் வைக்க வேண்டும் என்று அத்தை. எதுவும் வைக்கக் கூடாது என்று டாக்டர். நான் வாயைத் திறந்தால் எதிர்த்துப் பேசியதாகிவிடும். பேசாமல் வீடியோவைப் போட்டேன். தொப்புளைக் காயவிடுங்கள், சுத்தமாக வையுங்கள், எதையும் தடவாதீர்கள் என்று அது அமைதியாகச் சொன்னது. "இப்ப அப்படிச் சொல்றாங்களா? சரி, அப்படியே விட்டுருவோம்" என்றார் அத்தை. யாருக்கும் தோல்வி இல்லை. சேனை வைக்கிற பேச்சும், முதல் நாளில் சீனித்தண்ணி கொடுக்கிற பேச்சும் அதே மாதிரிதான் முடிந்தன. வீட்டுக்குள் ஒருவர் சொன்னால் அது இன்னார் கட்சி என்று ஆகிவிடும். வெளியிலிருந்து ஒரு டாக்டர் படத்தோடு சொன்னால் எல்லோரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

அம்மாவின் கைவரிசையை எந்த ஐ.ஐ.டி.யும் மிஞ்ச முடியாத ஒரு இடமும் உண்டு, அது குளிப்பாட்டுவது. காலை நீட்டி, கணுக்கால் மேல் பிள்ளையைக் கிடத்தி, ஒரு கையால் நெற்றியில் அணை போட்டு, கண்ணில் மூக்கில் ஒரு சொட்டு இறங்காமல் தண்ணீர் விடுகிற நேர்த்தி! அதை இவர் போனில் எடுத்துவிட்டார். முதுகுப்பக்கம் இருந்து ஒரு தடவை, பக்கவாட்டில் இருந்து ஒரு தடவை, கைக்கு மேலே போனைப் பிடித்து ஒரு தடவை. மூக்கில் ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது ஆகியவற்றை டாக்டர் வேண்டாம் என்று சொன்னதால் அவை இல்லாத குளியல். நாங்கள் திருநெல்வேலிக்குத் திரும்பிய பிறகு அந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்தே இவர் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டார். ஒரு ஆம்பளை கால் நீட்டிப் பிள்ளை குளிப்பாட்டுவதைப் பார்க்க எங்கள் மாடி வீட்டு அக்கா கீழே இறங்கி வந்தாள். உங்கள் வீட்டிலும் ஆச்சி இருந்தால் இன்றைக்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டத் தொடங்கியபோதும் இதே கதைதான். பருப்புத் தண்ணி, சாத்துத் தண்ணி என்று நம்மூரில் ஊட்டுவது பெரும்பாலும் தண்ணீர். வீடியோவில் ஒரு கரண்டிக் கூழை எடுத்துக் கரண்டியைச் சாய்த்துக் காட்டினார்கள். சட்டென்று வழிந்து ஓடினால் தண்ணீர் அதிகம். கரண்டியில் தங்கி நின்றால் பிள்ளைக்குச் சத்து. அவ்வளவுதான் பாடம். எந்த ஊட்டச்சத்து அட்டவணையும் எனக்கு இவ்வளவு எளிதாகப் புரிந்ததில்லை. தவழ ஆரம்பித்தால் கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குள் போகும், அதனால் தொண்டையில் சிக்கினால் செய்ய வேண்டிய முதலுதவியையும் அதே சமயம் பார்த்து வைத்தோம். பிரிட்டனின் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் 2015-ல் இதற்கென்றே ஒரு குட்டிக் கார்ட்டூன் படம் வெளியிட்டது. நிலக்கடலையும் பேனா மூடியும் பேசுகிற படம். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தலை தாழ்வாக முன்கையில் குப்புறத் தாங்கி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு. வராவிட்டால் திருப்பிப் போட்டு நடு மார்பில் 5 அழுத்தம். பார்த்ததோடு விடாமல் பொம்மையை வைத்து இருவரும் செய்து பழகினோம், அக்கா வந்தபோது அவள் எதிரே மறுபடி செய்து காட்டிச் சரிபார்த்துக்கொண்டோம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த வீடியோக்கள் பெற்றவர்களுக்கு. பிள்ளைக்கு அல்ல. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கு என்று நம்பி வாங்கப்பட்ட பேபி ஐன்ஸ்டைன் டிவிடிகளுக்கு டிஸ்னி நிறுவனம் 2009-ல் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. பால் கொடுக்கும்போது போனைத் தள்ளி வையுங்கள், அவள் பார்க்க வேண்டியது உங்கள் முகத்தை. அப்புறம், கண்ணில் படுவதையெல்லாம் நம்பவும் வேண்டாம். யார் எடுத்தது, மருத்துவரோ செவிலியரோ இருக்கிறாரா, கடைசியில் ஏதாவது டப்பாவை விற்கிறார்களா என்று பாருங்கள். பால் பவுடரை விளம்பரம் செய்வதையே இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அரை நிமிட ரீல்ஸில் வருகிற வித்தைகள் எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. நிதானமாக, அடி அடியாக, நிறுத்திப் பார்க்கத் தோதாக இருப்பதுதான் நல்ல வீடியோ.

வீடியோ ஆளுக்கு மாற்று என்றும் நான் சொல்ல வரவில்லை. அக்கா மாதிரி ஒருத்தி எடுத்துக் கொடுத்து, பிறகு வந்து கையைப் பிடித்துச் சரிசெய்யும்போதுதான் அது முழுமையாகிறது. நூரா ஹெல்த் என்கிற அமைப்பு இதை எவ்வளவு அழகாகச் செய்கிறது! ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் சிலர் பெங்களூருவின் நாராயண ஹிருதயாலயாவில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் நோயாளியோடு வந்து சும்மா காத்துக்கிடக்கிற குடும்பத்தாரை நர்ஸ் உட்காரவைத்து, வீடியோ காட்டி, செய்து காட்டி, அவர்களையும் செய்யச் சொல்கிறார். பிரசவ வார்டுகளிலும் இப்போது இதை நடத்துகிறார்கள். நம் பிரசவ ஆஸ்பத்திரிகளின் காத்திருக்கும் கூடங்களில் தொலைக்காட்சி இருக்கிறது. நான் இருந்த இடத்தில் அதில் நாள் முழுக்க சீரியல்தான் ஓடியது. வெளியே பெஞ்சில் அப்பாக்களும் ஆச்சிகளும் மாமியார்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் திரையில் பாலூட்டலும் அபாய அறிகுறியும் தமிழில் ஓடினால் எத்தனை வீடு நிம்மதியாகத் தூங்கும்! ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள், செவிலியர்கள், டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த சேனலை மாற்றுங்கள்.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டில் வளைகாப்பு நடக்கப் போகிறதா? பிள்ளை பிறந்த பிறகு தூக்கமில்லாத ராத்திரியில் தேட வேண்டாம், ஏழாம் எட்டாம் மாதத்திலேயே பாருங்கள். அவள் தனியாகப் பார்க்க வேண்டாம். புருஷன், அம்மா, மாமியார் நாலு பேரும் ஒன்றாக உட்காருங்கள். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போகன் டுடோரியல் தளத்துக்குப் போய், 'ஹெல்த் அண்ட் நியூட்ரிஷன்' பகுதியைத் திறந்து, மொழியில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். நான் மேலே சொன்ன, எதிர்க் கையால் பிள்ளையைத் தாங்குகிற குறுக்கு அணைப்பு முறையில் பாலூட்டும் பாடத்திலிருந்து தொடங்குங்கள். காசு கிடையாது.